முழு நாற்பது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் சௌக்கியம் என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். உன் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ, இந்தக் கடிதம் உனக்கு முன்னால் போய்க் காத்திருக்குமோ பின்னாலேயே ஓடி வருமோ, தெரியவில்லை. போனில் பேசலாம் என்றால் "கேக்குதா, கேக்குதா" என்று நாம் மாறி மாறிக் கத்துவதிலேயே லைன் போய்விடுகிறது. போன தடவை அவ்வளவு கத்தியும் எனக்குக் கிடைத்த செய்தி உனக்குப் பல்வலி என்பது மட்டும்தான். பல்லைப் பிடுங்கியாயிற்றா இல்லையா, அதை எழுது.

ஆபீசில் தலைக்கு மேல் வேலை. மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் அந்த இரண்டு அறைதான் இன்னும். விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் மாடிப்படியில் நிற்க இடம் இருக்காது. கீழே தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு மேலே வருகிறவர்கள் உண்டு; மேலே எங்களைப் பார்த்துவிட்டுக் கீழே போய் வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறேன் என்று என் முழங்காலைக் கேட்டால் சொல்லும்.

"எங்க அக்கா ஜோசியம் பாக்குது" என்று கப்பலில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாயாமே. நன்றாக இருக்கிறது போ. பெரிய பல்கலைக்கழகத்தில் நூறு பேர் கேட்டால் நாலு பேருக்குத்தான் இடம். தங்கள் பிள்ளை அந்த நாலில் ஒன்றாக வருமா என்று கேட்டுத்தான் பெற்றவர்கள் எங்களிடம் வருகிறார்கள். மதிப்பெண், நுழைவுத் தேர்வு, பிள்ளை தன் கையால் எழுதிய கட்டுரை, ஆசிரியர் தந்த சிபாரிசு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, பெயர் தெரியாமல் காகிதப் பட்டை ஒட்டி, நான் ஒரு தடவையும் கால்குலேட்டர் ஒரு தடவையும் தனித்தனியாகப் பார்ப்போம். கால்குலேட்டர் என்றால் மனுஷன்தான். பக்கத்து மேஜைக்காரர். வகுத்தல் பெருக்கல் எல்லாம் மனசுக்குள்ளேயே போடுவதால் அந்தப் பெயர். இதுவரை போன பிள்ளைகளின் பழைய விவரங்களோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு இவ்வளவு வாய்ப்பு என்று ஆளுக்கொரு எண் போடுவோம். ஜோசியக்காரர் இதில் பாதி உழைத்தால்கூட நாடு உருப்பட்டுவிடும்.

அந்த எண்ணைப் பெற்றவர்களிடம் சொல்வது என் வேலை. மனுஷ முகத்தைப் பார்த்தால் கால்குலேட்டருக்கு நாக்கு எழாது. நானும் சும்மா சொல்வதில்லை. வந்த எண்ணில் பாதியைத்தான் சொல்வேன். சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் வழக்கம். முழுசாகச் சொல்லி, இடம் கிடைக்காமல் போனால் வீடு தேடி வந்து சண்டை பிடிப்பார்கள். பாதி சொல்லி, கிடைத்துவிட்டால் "உங்க வாய் பொய்யாயிடுச்சே மேடம்" என்று சிரித்துக்கொண்டே படியேறுவார்கள். பாதியைக் கேட்டு யாரும் விண்ணப்பம் போடாமல் இருந்ததில்லை. எப்படியும் போடத்தான் போகிறார்கள். மனசைத் தயார் பண்ணிக்கொள்ளத்தான் எங்களிடம் வருகிறார்கள். அதற்குப் பாதி போதும்.

இப்போது நம் எறும்பு விஷயம். நீ வைத்த அந்தப் பெயர் என் பெண்ணுக்கு இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று யார் கண்டார்கள்? மேஜையில் சிந்தியதைப் பொறுக்கித் தின்றதற்காக வைத்தாய். இன்று சமையலறை ஜன்னலில் கண்ணாடிப் பெட்டி நிறைய எறும்பு வளர்க்கிறாள். எனக்கு டீக்குச் சர்க்கரை இல்லாத நாளிலும் அவைகளுக்கு உண்டு. பூச்சிகளைப் பற்றி மட்டுமே படிக்கிற துறை பெரிய பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறதாம். அங்கே விண்ணப்பம் போட்டாயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று நகரக் கல்லூரிக்கும் போட்டோம். அங்கே உயிரியலில் இடம் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இவள் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

போன ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள், "அம்மா, எனக்கு எவ்வளவு?" என்று. அவளுடைய விண்ணப்பத்தையும் பட்டை ஒட்டித்தான் பார்த்தோம். கால்குலேட்டருக்குத் தெரியாமல் இருக்குமா? கட்டுரை முழுக்க எறும்பு. அந்தப் பெட்டியை ஒருநாள் ஆபீசுக்குக் கொண்டுவந்தபோது கடிபட்டவரும் அவர்தான். இருந்தும், தெரியாத மாதிரியே போட்டதாகச் சொன்னார். அவரும் நாற்பது, நானும் நாற்பது. தம்பி, எங்கள் ஆபீசில் இதுவரை யாருக்கும் நாற்பது வந்ததில்லை. முப்பதைத் தொட்டதே அபூர்வம்.

வழக்கப்படி இருபது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. பெற்ற பெண்ணிடம் போய் யாராவது பாதி சொல்வார்களா? நாற்பது என்றேன். சோப்பு நுரைக் கையோடு வந்து கட்டிக்கொண்டாள். என் புடவையெல்லாம் ஈரம். மற்ற பிள்ளைகள் தொண்ணூறு இல்லையே என்று அழுவார்கள். இவள் நாற்பதுக்கு இப்படிச் சந்தோஷப்படுகிறாளே, பெண்ணுக்கு நிதானம் வந்துவிட்டது என்று உன் அத்தானிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனேன்.

நீ வழக்கம்போல "நூத்துக்கு நூறு, மாமா கேரண்டி" என்று எழுதி அனுப்பாதே. அவளிடம் இதைச் சொன்னேன். "மாமா சொன்னா பாதியாக்கிக்கணும், அது எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். பல்லைக் கவனி. குளிர் காற்றில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே.

உன் அக்கா

* * *

அன்புத் தம்பிக்கு,

முந்தின கடிதம் கிடைத்திருந்தால் அதைத் தூக்கிப் போடு. அதில் நிதானம் அது இது என்று எழுதியிருந்தேன் பார், அந்த இடத்தில் என் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டு படி.

செவ்வாய்க்கிழமை ஒரு தையல்காரர் மனைவியோடு வந்தார். அவர் பையனுக்குப் பன்னிரண்டு போட்டிருந்தோம். முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொண்டு, நூற்றுக்கு ஆறு என்று சொன்னேன். அவர் மனைவி பக்கம் திரும்பி, என் கண் எதிரிலேயே, "ஆறா? அப்போ பன்னெண்டு. பரவாயில்லையே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படிப் பன்னிரண்டு என்று கேட்டேன். "நீங்க எப்பவும் பாதிதான் சொல்வீங்களாமே மேடம், ஊருக்கே தெரியுமே. ரெண்டால பெருக்கிக்கணும்னு சொல்லித்தான் எங்களை அனுப்பினாங்க" என்றார். குறை சொல்லவில்லை பாவம். துணிக்கு அளவு சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். கால்குலேட்டரைப் பார்த்தேன். மனுஷன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க கேக்கவே இல்லையே" என்கிறார்.

இத்தனை காலமும் நான் பாதி சொல்ல, அவர்கள் முழுசாக்கிக்கொள்ள, ஊரே என்னை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. தையல்காரர் படியிறங்கின பிறகுதான் சோப்பு நுரைக் கை ஞாபகம் வந்தது.

நம் எறும்பு பள்ளிக்கூடம் விட்டால் நேரே ஆபீசுக்கு வந்து என் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த பெண். "அந்தப் பையனுக்கு இருபது, பத்துன்னு சொல்லிடு" என்று நானும் கால்குலேட்டரும் பேசியதெல்லாம் அவள் தலைக்கு மேலேதானே? ஊருக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியாதா? மாமா சொன்னால் பாதியாக்கத் தெரிந்தவளுக்கு, அம்மா சொன்னால் இரண்டால் பெருக்கத் தெரியாதா?

குடையை ஆபீசிலேயே விட்டுவிட்டு மழையில் வீட்டுக்கு ஓடினேன். அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள். நகரக் கல்லூரிக்குச் சம்மதம் எழுதிவிட்டாயா என்று, மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டு கேட்டேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. "அது போன வாரமே கடைசிம்மா. நான் எழுதல. என் சிநேகிதி காத்திருப்புப் பட்டியல்ல இருக்கா. அவளுக்காவது கிடைக்கட்டும்னு விட்டுட்டேன். அதான் நீயே சொல்லிட்டியே. மத்தவங்களுக்குப் பதினஞ்சுக்கு மேல நீ சொன்னதே இல்ல. எனக்கு நாற்பது!" என்றாள். அந்தச் சிநேகிதிக்கு இடமும் கிடைத்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனாளாம், சந்தோஷத்தில். இதைச் சொல்லும்போது உன் மருமகள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? துணி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் நகரக் கல்லூரிக்கே போய் நின்றேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா நல்ல மனுஷன். என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, பொறுமையாக, "இடமெல்லாம் நிரம்பிடுச்சும்மா, இனி அடுத்த வருஷம்தான்" என்றார். நான் பெற்றவர்களிடம் பேசுகிற அதே குரலில் பேசினார். அந்தக் குரலை இந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை.

உன் அத்தானிடம் சொன்னேன். அன்று ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிட்டுக் கிரீஸ் கையோடு வந்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "இனிமேலாவது இந்த வீட்டுல எல்லாரும் ஒரே கணக்கா சொல்லுங்க" என்றார். அப்புறம் கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. அவருக்கும் கலங்கிவிட்டது, காட்டிக்கொள்ளமாட்டார்.

அடுத்த வாரம் பெரிய பல்கலைக்கழகத்தில் நேர்முகத் தேர்வு. இப்போது சொன்னால் பெண் இடிந்துபோய் அங்கே வாய் திறக்கமாட்டாள். சொல்லாமல் இருந்தால், எண்பது கையில் இருக்கிறது என்ற நினைப்போடு போவாள். கிடைக்காவிட்டால் அவளுக்குக் கைப்பிடிக்க ஒன்றும் இல்லை. இதற்கு நீ பதில் எழுதி அது வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் யாரிடமாவது கேட்டாக வேண்டும் போல் இருக்கிறது. சொல்லட்டுமா, வேண்டாமா? அலுத்துவிட்டது தம்பி. ஊர்ப் பிள்ளைகளின் கணக்கெல்லாம் போட்ட மண்டை, இந்த ஒரு கணக்குக்கு வேலை செய்யமாட்டேன் என்கிறது.

உன் அக்கா

* * *

அன்புத் தம்பிக்கு,

பல்லைப் பிடுங்கிய கதையை நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். படித்துச் சிரித்தோம். எறும்புக்குத் தனியாக எழுதியதும் வந்தது. நான் அவ்வளவு சொல்லியும் "நூத்துக்கு நூறு" என்றுதான் எழுதியிருக்கிறாய். என் முதல் கடிதம் உன்னை வந்து சேருமுன் எழுதியது என்று தெரிகிறது. அதனால் திட்டவில்லை.

நேர்முகத் தேர்வுக்கு நானும் அவளும் போய் வந்தோம். ரயிலில் ஏறுமுன் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, எறும்புகளுக்குத் தண்ணீர் வைக்க உன் அத்தானுக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில் எதையோ விட்டுவிட்டோமே என்று கவலைப்பட்டுக்கொண்டு வந்தாள். தன்னைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அங்கே காத்திருக்கும் கூடம் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. தரையோடு முடுக்கிய நாற்காலிகள், ஒரு மூலையில் தண்ணீர் ட்ரம், குடித்த காகித டம்ளரைக் கையிலேயே கசக்கிக்கொண்டிருக்கும் அப்பாக்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் கூடமே என்னைச் சூழ்ந்துகொண்டு எவ்வளவு எவ்வளவு என்று பிடுங்கிவிடும். மருந்துக்கடையில் இருக்கிறேன் என்றேன். உடனே தன் முதுகு வலிக்கு என்ன மாத்திரை நல்லது என்று ஆரம்பித்துவிட்டாள். என் நேரம் பார்.

பெண் வெளியே வரும்போது முகம் அப்படி மலர்ந்திருந்தது. எறும்பைப் பற்றித்தான் கேட்டார்களாம். ராணி செத்துப்போன பெட்டியில் மற்ற எறும்புகள் என்ன செய்தன என்று ஒருவர் கேட்டாராம். இவள் தான் பார்த்ததைச் சொல்லிவிட்டு, ஏன் அப்படிச் செய்தன என்பது தனக்குத் தெரியவில்லை என்றாளாம். "எங்களுக்கும் தெரியாது" என்று அவர் சிரித்தாராம். இதை எனக்கு மூன்று முறை சொன்னாள். படிகளில் குதித்துக் குதித்து இறங்கினாள்.

ரயிலில் திரும்பும்போது சொன்னேன். அதற்கு மேல் என்னால் அந்தச் சந்தோஷத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாற்பது என்று நான் சொன்னது நாற்பதுதான், பாதியாக்கவில்லை, அது முழு நாற்பது என்று சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எதிர் இருக்கையில் ஒரு குழந்தை பிஸ்கட் தின்று சிந்திக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லை.

அந்தப் பிஸ்கட் தீர்ந்த பிறகு, "எல்லாருக்கும் பாதி சொன்னே, எனக்கு மட்டும் ஏம்மா முழுசா சொன்னே?" என்று கேட்டாள். உன்னிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொய் சொல்லியிருந்தா சரியா புரிஞ்சிருப்பேனேம்மா. இருபதுன்னு சொல்லியிருந்தா நாற்பதுன்னு எடுத்துக்கிட்டு, காலேஜ் இடத்தைப் பிடிச்சு வெச்சிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான்தான் ஊர் வந்து சேரும் வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். வாழ்க்கையில் ஒரே ஒருத்தியிடம் உண்மையைச் சொன்னேன், தம்பி. அது இப்படியா வந்து விடிய வேண்டும்?

அதன் பிறகு வீட்டில் யாரும் எண் சொல்வதில்லை. கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லக்கூடப் பயமாக இருக்கிறது. ஆபீசில் பாதி சொல்வதை விட்டுவிட்டேன். முழுசாகச் சொல்கிறேன். ஒருத்தரும் நம்புவதில்லை. இரண்டால் பெருக்கிக்கொண்டு சிரித்த முகமாகப் போகிறார்கள். கதவில் ஒரு பலகை மாட்டலாம் என்கிறார் கால்குலேட்டர். என்ன எழுதி மாட்டுவது? இவள் இனிமேல் உண்மை பேசுவாள் என்றா?

முடிவு எப்போது வேண்டுமானாலும் வரலாம். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அத்தான் சவரக் கத்தியைக்கூடக் கீழே வைத்துவிட்டு நிற்கிறார். அவள் மட்டும் எழுந்து போவதில்லை. பெட்டிக்குள் புதுசாக ஒரு ராணி விட்டிருக்கிறாள். அது நிலைக்குமா என்று கேட்டேன். "தெரியலம்மா, பாக்கலாம்" என்றாள்.

உன் அக்கா

* * *

அன்புத் தம்பிக்கு,

இல்லை என்று வந்துவிட்டது.

சுற்றி வளைத்து எழுதத் தெம்பில்லை. நல்ல காகிதத்தில், மரியாதையாக, இரண்டே பத்தியில் எழுதியிருந்தார்கள். வருந்துகிறோம், தகுதி உள்ளவர்கள் அநேகம், இடங்கள் சொற்பம் என்று. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். கீழே மட்டும் ஒருவர் பேனாவால், மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். எறும்பைப் பற்றிக் கேட்டாரே, அவராகத்தான் இருக்கும் என்று பெண் நினைக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும்.

அன்று அவள் அழுதாள். வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். உன் அத்தான் யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் அடுப்பில் பொங்கி வழிந்த பாலை இறக்கிவைத்து மூன்று பேருக்கும் டீ போட்டார். குடிக்கிற மாதிரி இல்லை, ஆனாலும் குடித்தோம். "நடுவுல மாட்டிக்கிட்டா முதல்ல பயப்படாம நிக்கணும், குதிக்கக் கூடாது. மேலேயோ கீழேயோ, கொண்டுபோய் விட வேண்டியது என் பொறுப்பு" என்றார். லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு அவர் சொல்கிற வசனம் அது. இத்தனை வருஷத்தில் இப்போதுதான் நான் கேட்டேன். பெண் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிநேகிதி நகரக் கல்லூரிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். தினமும் நம் வாசலைத் தாண்டித்தான் பஸ்சுக்குப் போகிறாள். முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப் பக்கமாகப் போனாள். இவளே ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தி, "நீ ஏண்டி ஒளியுறே?" என்று கேட்டு, பஸ் நிறுத்தம் வரை கூடப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்ணை நான்தான் பெற்றேனா என்று இருந்தது. எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. அந்தச் சிநேகிதியைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. திட்டுவதானால் திட்டிக்கொள்.

சும்மா இருக்கமாட்டேன் என்று வேலையும் தேடிக்கொண்டாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் தானியக் கிடங்கு இருக்கிறதே, அங்கே மூட்டைகளில் வண்டு விழுகிறதா என்று சோதிக்கிற வேலை. பூச்சியைப் படிக்கப் போக வேண்டியவள், பூச்சியைக் கொல்கிற மருந்து நெடியோடு சாயங்காலம் வருகிறாள். எனக்குத் தாங்கவில்லை. அவளோ, எந்த மூட்டையில் எந்த வண்டு, அது ஏன் அடுத்த மூட்டைக்குப் போகவில்லை என்று சாப்பிடும்போது ஓயாமல் பேசுகிறாள். மேற்பார்வையாளர் அவளைப் பார்த்து, "மருந்து அடிக்கச் சொன்னா இந்தப் பொண்ணு பேட்டி எடுத்துக்கிட்டு இருக்கு" என்கிறாராம். அடுத்த வருஷம் கட்டுரையில் இதைத்தான் எழுதப் போகிறாளாம். ஆமாம், மறுபடியும் போடப் போகிறாள். நகரக் கல்லூரிக்கும்தான். இந்தத் தடவை சம்மதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், அந்தக் குமாஸ்தா கையில்.

நேற்று, நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள், "அடுத்த வருஷத்துக்கு எவ்வளவும்மா?" என்று. கை நின்றுவிட்டது. எனக்கு எண் தெரியாமல் இல்லை. அவள் கேட்ட அடுத்த நொடியே மண்டைக்குள் வந்துவிட்டது, பழக்கம் அப்படி. ஆனால் எந்த எண்ணைச் சொன்னாலும் அது அவள் காதில் போய் வேறொன்றாக ஆகிவிடுமோ என்ற பயம். தெரியவில்லை என்றேன். இந்த வேலைக்கு வந்த பிறகு அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் நான் மடித்துக்கொண்டிருந்த போர்வையின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக மடித்து வைத்தோம்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ அவளுக்கு எழுது. விடுமுறைக்கு வருகிறபோது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே, அடுத்த துறைமுகத்திலேயே எழுது. ஆறுதல் ஒன்றும் வேண்டாம், அதெல்லாம் கேட்டுக் கேட்டு அவளுக்குப் புளித்துவிட்டது. எப்போதும் எழுதுவாயே, "நூத்துக்கு நூறு, மாமா கேரண்டி" என்று, அதையே எழுது. எழுதாதே என்று நான்தான் சொன்னேன், இப்போது நானே கேட்கிறேன். அவள் அதைப் பாதியாக்கிக்கொள்வாள், அது அவளுக்குப் பழக்கம். ஐம்பது இருந்தால் அந்தப் பெண் ஒரு வருஷத்தை ஓட்டிவிடுவாள். என் வாயிலிருந்து அது வராது. வந்தாலும் அவள் நம்பமாட்டாள்.

முடிந்தால் எனக்கும் ஒரு வரி எழுது. அக்கா மேல் தப்பில்லை என்றோ, தப்புத்தான் என்றோ, உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுது. நான் பாதியாக்கவும் மாட்டேன், இரண்டால் பெருக்கவும் மாட்டேன். நீ எழுதினதை அப்படியே எடுத்துக்கொள்வேன்.

நன்றாக இரு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா